கெட்டித் தரைமேல் உதிரிச் சரளை: இதற்கு என்ன பெயர்?

> மலை சைக்கிள் டயர்க் கையேட்டில் 'தளர்தரை' என்று போட்டுவிடலாமா?

வணக்கம் ஐயா,

வேண்டாம். 'தளர்தரை' என்றால் பாலாற்று மணலும் அதற்குள் வந்துவிடும். மணலில் சக்கரம் புதையாதிருக்க அகன்ற டயரும் குறைந்த காற்றும் போதும். ஜவ்வாதுமலை, பாலமதிச் சரிவுகளில் கோடையில் இருப்பது வேறு: அடியில் இறுகிய செம்மண் அல்லது கருங்கல், மேலே பாறை சிதைந்து உதிர்ந்த பொடிக்கல். டயரின் மேல் முளைத்து நிற்கும் ரப்பர்க் கட்டைகளான பட்டன்கள் உயரமாக இருந்தால், அவை இறங்கிக் கடிக்க அங்கே மண் இல்லை. அவை வளைந்துகொடுக்க, திருப்பத்தில் வண்டி வழுக்கும். நடுவில் 3–4 மி.மீ. உயரமும் கூரான விளிம்பும் உள்ள நெருக்கமான பட்டன்கள், ஓரத்தில் அடி அகன்ற தடித்த பட்டன்கள் வேண்டும். சாய்ந்து திரும்பும்போது தாங்குவது ஓர வரிசைதான். எனவே 'பருக்கைத்தரை' என்கிறேன். பருக்கைக்கல் நம் பழைய சொல்.

---

> 'பருக்கைத்தரை'

பொருள் சரி. ஆனால் இன்று பருக்கை என்றால் சோறுதான் நினைவுக்கு வரும். 'சரளைத்தரை' என்றாலோ, சரளை கொட்டிப் பரப்பிய சாலை ஆகிவிடும். 'மேற்சரளை' எப்படி? சரளை மேலாக மட்டும் கிடப்பது சொல்லிலேயே தெரிகிறது. வாக்கியத்திலும் உட்காருகிறது: "மேற்சரளைக்கு 2.4 அங்குல டியூப்லெஸ் டயர். 70 கிலோ எடையுள்ளவர் முன்சக்கரத்தில் 22, பின்சக்கரத்தில் 24 பி.எஸ்.ஐ.யில் தொடங்கலாம்." (டியூப்லெஸ் என்பது உள்டியூப் இல்லாதது; பி.எஸ்.ஐ. என்பது காற்றழுத்த அளவு.)

இதோடு ஒரு குறிப்பும் சேர வேண்டும். விடியற்காலை 25 பாகை செல்சியஸில் அடைத்த 24 பி.எஸ்.ஐ., டயர் 40 பாகைக்குச் சூடானால் ஏறக்குறைய 26 ஆகும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலுக்கு இது சாதாரணம். மேற்சரளையில் அந்த இரண்டே பிடிப்பைக் கெடுத்துவிடும். ஏறும் முன் மறுபடி அளக்க வேண்டும். ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவமான சீலண்டும் இந்தச் சூட்டில் சீக்கிரம் உலரும். உலர்ந்த பிறகு வேலிக்காத்தான் முள் குத்தினால் ஓட்டை அடைபடாது.

---

'மேற்சரளை'யை ஏற்கிறேன் ஐயா. மழைக்காலத்துக்கு 'ஒட்டுச்சேறு' இருக்கட்டும். வெறும் 'சேறு' போதாது. நீர்த்த சேறு தானே வழிந்துவிடும், களி கலந்ததுதான் பட்டன் இடுக்கில் அப்பிக்கொண்டு டயரை மொட்டையாக்கும். அதற்கு 6 மி.மீ. வரை உயரமுள்ள, இடைவெளி விட்ட பட்டன்கள் வேண்டும். சைக்கிள் சட்டத்தில் சேறு அடையாதபடி டயரின் அகலமும் குறைவாக இருக்க வேண்டும். வேலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமும் நனைக்கும் என்பதால், ஐப்பசிவரை காத்திராமல் ஆவணியிலேயே முன்டயரை மாற்றிவிடச் சொல்லலாம். பின்சக்கரம் சறுக்கினாலும் சமாளிக்கலாம், முன்சக்கரம் சறுக்கினால் விழ வேண்டியதுதான்.