அலாஸ்கா, யூகான் 12 நாள் குழுப் பயணம்: பஸ்ஸிலேயே பொழுது போய்விடுமா?

மேகக்கூட்டம்:

வணக்கம். அடுத்த ஜூனில் நானும் மனைவியும் மாமனார் மாமியாரோடு வடக்கே போகலாம் என்று இருக்கிறோம். கையில் இருக்கும் திட்டம் இதுதான்: அலாஸ்காவின் ஸ்காக்வேயில் ஆரம்பித்து, கனடாவின் யூகான் பகுதிக்குள் நுழைந்து வைட்ஹார்ஸ், டாசன் சிட்டி, அங்கிருந்து மலைமுகட்டுச் சாலையில் மறுபடி அலாஸ்காவுக்குள் இறங்கி டோக், ஃபேர்பேங்க்ஸ், டெனாலி, கடைசியில் ஆங்கரேஜ். 12 நாள், ஒரே பஸ், முப்பத்தாறு பேர். வரைபடத்தில் தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர் வருகிறது, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. காலையில் ஏற்றி ராத்திரி இறக்கி விடுவார்களோ? பேசாமல் கார் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிப் போகலாமா? மாமியார் சுத்த சைவம், படகு என்றாலே குமட்டல் வேறு. திட்டத்தில் ஆற்றுப் படகுச் சவாரி ஒன்று இருப்பதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. போய் வந்தவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

இறங்கிநடப்பவன்:

இரண்டு வருடம் முன்பு கிட்டத்தட்ட இதே வழியில் போனோம். வைட்ஹார்ஸிலிருந்து டாசன் 530 கி.மீ., டெனாலியிலிருந்து ஆங்கரேஜ் 380 கி.மீ. இந்த இரண்டு நாளும் பஸ் நாள்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. மற்ற நாட்களில் மதியத்துக்குள் ஊர் வந்துவிடும்.

ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது அங்கே சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. எங்கள் ஓட்டுநர் முதல் நாளே பாடம் எடுத்தார்: வண்டியின் மூக்கு 12 மணி, வால் 6 மணி, எந்த விலங்கைப் பார்த்தாலும் மணியைச் சொல்லிக் கத்த வேண்டும். மூன்றாம் நாளுக்குள் வண்டி சந்தைக்கடை ஆகிவிட்டது. "ஒன்பது மணி, மூஸ்!" (பெரிய மான் வகை) "எங்கே?" "ஒன்பதில்தான் பாருங்கள்!" "அது மரக்கட்டை, உட்காருங்கள்." கரடி என்று நினைத்து நான் படம் எடுத்த பாறைகளை மட்டும் தனி ஆல்பமாகப் போடலாம். பின்சீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நோட்டுப்புத்தகத்தில் கணக்கு எழுதிக்கொண்டே வந்தார், மரக்கட்டைகளுக்குத் தனிப் பக்கம், யார் கத்தினார்கள் என்ற பெயரோடு. தினமும் இருக்கை மாற்றி உட்கார வைக்கும் குழுவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றினால் எல்லோருக்கும் ஜன்னல் கிடைக்கும், எல்லோரும் எல்லோருடனும் பேச வேண்டியும் வரும்.

டெனாலி பூங்காவில் சொந்த வண்டி 15வது மைல் வரைதான், அதற்கு மேல் பூங்கா பஸ். மொத்தச் சாலை 92 மைல். ஆனால் 2021 ஆகஸ்டில் நிலம் சரிந்து 43வது மைலோடு அடைத்துவிட்டார்கள். உள்ளே நிலத்தடி உறைபனி உருகிச் சரிவே மெல்ல நகர்கிறது, அதைத் தாண்டப் பாலம் கட்டும் வேலை நடந்தது. நீங்கள் போகும்போது எதுவரை விடுகிறார்கள் என்று முன்பதிவுக்கு முன்னால் பாருங்கள். டெனாலி 6,190 மீட்டர் மலையாச்சே, எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் என்று நினைத்துப் போகாதீர்கள். கோடையில் மூன்று பேரில் ஒருவருக்குத்தான் முழு மலையும் காட்சி கொடுக்கும் என்பார்கள். எங்களுக்கு இரண்டு நாளில் இருபது நிமிஷம் கிடைத்தது, அதுவும் இரவு பத்தே முக்காலுக்கு. யாரோ கதவைத் தட்டிக் கூப்பிட, பாதிப் பேர் லுங்கியும் போர்வையுமாக வெளியே நின்றோம்.

நாலுசக்கரம்:

நான் எப்போதும் சொந்தமாக ஓட்டிப் போகும் ஆள். குழுப் பயணம் என்றாலே ஆகாது. இருந்தும் சொல்கிறேன், இந்த வழிக்குக் கார் வேண்டாம். டாசனுக்கு அப்பால் வரும் அந்த மலைமுகட்டுச் சாலையில் பெரும்பகுதி சரளைக்கல். பெரும்பாலான வாடகை நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே சரளைச் சாலை கூடாது என்று எழுதிவிடும். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு ஊரில் விட்டால் அதற்குக் கட்டணம் தனி. டயர் வெடித்தால் கைபேசியில் சிக்னலும் இருக்காது.

விசா விஷயத்தை யாரும் சொல்லவில்லையே. பயணம் அமெரிக்கா, கனடா, மறுபடி அமெரிக்கா. மாமனார் மாமியார் இந்திய பாஸ்போர்ட்டில் வந்தால் கனடா விசிட்டர் விசா தனியாக வேண்டும், அமெரிக்க விசாவும் பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். உங்களிடம் கிரீன் கார்டு இருந்தால் அதுவும் பாஸ்போர்ட்டும் போதும். எங்கள் உறவினர் ஒருவரின் ஏற்பாட்டாளர் இதை வாயே திறந்து சொல்லவில்லை, கடைசி வாரத்தில் உறவினர் டிக்கெட்டை ரத்து செய்தார்.

ஆற்றுமணல்:

ஆறுகளைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று பார்த்தேன். தம்பி, இந்தப் பயணமே யூகான் ஆற்றின் பயணம்தான், சாலை பின்னால் வந்தது. 1896 ஆகஸ்டில் டாசன் பக்கம் க்ளாண்டைக் ஆற்றில் சேரும் ஓடை ஒன்றில் தங்கம் கிடைத்தது. செய்தி வெளியே வந்ததும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள், போய்ச் சேர்ந்தது அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு வருடத்துக்கான சாமான், கிட்டத்தட்ட ஒரு டன், இருந்தால்தான் கனடாப் போலீஸ் உள்ளே விட்டது. அதை முதுகிலும் குதிரையிலும் கணவாய் ஏற்றி, ஏரிக்கரையில் மரம் வெட்டிப் படகு கட்டி, பனி உடைந்ததும் ஆற்றோடு டாசனுக்குப் போனார்கள். ஸ்காக்வே பக்கத்துக் கணவாயில் மட்டும் சுமார் 3,000 குதிரைகள் செத்தன. நீங்கள் அதே கணவாயை 1900இல் கட்டி முடித்த மூன்றடி அகலத் தண்டவாள ரயிலில் ஏறுவீர்கள். 32 கிலோமீட்டருக்குள் 870 மீட்டர் ஏற்றம், போகும்போது இடது பக்கம் உட்காருங்கள்.

டாசனில் ஒரு இரவு மட்டும் கொடுத்திருந்தால் இரண்டாக்கச் சொல்லி நச்சரியுங்கள். இன்னும் மண் தெருவும் பலகை நடைபாதையுமாக இருக்கும் ஊர், அடியில் உறைபனி இளகிச் சில பழைய வீடுகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஊருக்கு மேலே டோம் என்று ஒரு குன்று உண்டு, பஸ்ஸே ஏறும். அங்கிருந்து பார்த்தால் க்ளாண்டைக் ஆறு தெளிந்த நீரோடு வந்து கலங்கலான யூகானில் சேர்வது கோடு போட்டதுபோலத் தெரியும். அந்தக் கலங்கல், ஆற்றின் மேல்பக்கத்தில் வைட் ரிவர் என்ற இன்னொரு ஆறு கொண்டுவந்து கொட்டும் எரிமலைச் சாம்பலும் பனிப்பாறை வண்டலும். சின்னப் படகில் போய்த் துடுப்பைத் தூக்கிவிட்டு அமைதியாக இருந்தால், அந்த வண்டல் படகின் அடியில் உரசி "ஸ்ஸ்ஸ்" என்று கேட்கும், எண்ணெய்ச்சட்டி தூரத்தில் காய்வதுபோல. பேச்சுச் சத்தம் ஓயாத எங்கள் கூட்டமே அங்கே மட்டும் இரண்டு நிமிஷம் வாயை மூடியது.

மாமியாருக்குக் கவலை வேண்டாம். உங்கள் படகுச் சவாரி ஃபேர்பேங்க்ஸில் சீனா ஆற்றில்தான் இருக்கும் (பெயர்தான் சீனா, நாட்டுக்குச் சம்பந்தமில்லை). பின்னால் பெரிய துடுப்புச் சக்கரம் சுழலும் தட்டையான மாடிப்படகு, அலையே கிடையாது, எங்கள் பாட்டி அதில் தூங்கிவிட்டார். டாசனில் ஆற்றைக் கடக்கும் பாதைப்படகு மட்டும் கொஞ்சம் இழுக்கும். அது இலவசம், பஸ்ஸோடு ஏற்றி அக்கரையில் விடும், சில நிமிஷ வேலை.

மேகக்கூட்டம்:

மூவருக்கும் நன்றி. விசா பற்றி எங்கள் ஏற்பாட்டாளரும் மூச்சு விடவில்லை, இன்றைக்கே விண்ணப்பத்தை ஆரம்பிக்கிறேன். சாப்பாடும் கொசுவும் எப்படி? டாசனில் ஏதோ கால்விரல் போட்ட பானம் தருவார்கள் என்று மைத்துனன் பயமுறுத்துகிறான், கிண்டல்தானே?

இறங்கிநடப்பவன்:

கிண்டல் இல்லை. ஒரு ஓட்டல் பாரில் பதப்படுத்திய நிஜ மனிதக் கால்விரலை விஸ்கியில் போட்டுத் தருவார்கள், உதட்டில் அது பட்டால் சான்றிதழ். விழுங்கினால் அபராதம் 2,500 டாலர். எங்கள் குழுவில் ஒன்பது பேர் குடித்தார்கள். மாமியாரை அந்தத் தெருப்பக்கமே கூட்டிப் போகாதீர்கள்.

சைவத்துக்கு ஊர்களில் பாஸ்தா, பீட்சா, சூப் கிடைக்கும். டோக் போல வழியில் வரும் சின்ன இடங்களில் உருளைக்கிழங்கும் ரொட்டியும்தான். ஊறுகாய், பொடி, ஒரு சின்ன எலெக்ட்ரிக் குக்கர் எடுத்துப் போங்கள், ஓட்டலில் அனுமதி கேட்டுக்கொண்டு. சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

ஜூன் கொசுவுக்கு உச்ச காலம். தலையில் மாட்டும் வலை வாங்குங்கள், அழகு பார்க்காதீர்கள். ராத்திரி இருட்டாது, கண்மூடியும் வேண்டும். அப்புறம் ஒன்று: யூகானைவிட அலாஸ்கா ஒரு மணி நேரம் பின்னால். எல்லை தாண்டியதும் கடிகாரத்தைத் திருப்பச் சொன்னார்கள், நாங்கள் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலை டோக்கில் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பெட்டியும் கையுமாக வாசலில் நின்றோம். நாங்கள் ஏழு பேர், மிச்சமெல்லாம் கொசு.