பழைய கேம்பர் வேனில் நெடும்பயணம்: வழியில் நின்ற கதைகள்

குரோய்டன், லண்டன்

என்னுடையது 1972 ஃபோக்ஸ்வாகன் டைப் 2 கேம்பர் வேன், உள்ளேயே படுத்துத் தூங்கும் வண்டி. 1600 சிசி, காற்றில் குளிரும் எஞ்சின். ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். போன ஜூனில் குடும்பத்தோடு ஆஸ்திரியாவின் கிராஸ்க்ளாக்னர் மலைப்பாதை வரை போய்த் திரும்பினோம். வழியில் இரண்டு தடவை நின்றோம். இரண்டையும் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

முதலாவது, ஸ்டுட்கார்ட் தாண்டி உல்ம் போகும் ஏ8 சாலையில். ஏற்றம் தொடங்கியதும் ஸ்பீடோமீட்டருக்குள் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. மற்ற பல கார்களில் அது எரிந்தால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம், மெதுவாக வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். இதில் அந்தக் கதை நடக்காது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவைச் சுழற்றும் அதே பெல்ட்தான் எஞ்சினுக்குக் காற்றடிக்கும் ஃபேனையும் சுழற்றுகிறது. பெல்ட் போனால் காற்று போச்சு. இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டினால் எஞ்சினும் போச்சு. உடனே ஓரங்கட்டி, எஞ்சின் இருக்கும் பின்மூடியைத் திறந்தேன். அறுந்த பெல்ட் தகட்டின்மேல் பாம்புச் சட்டை மாதிரி கிடந்தது.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. டைனமோவின் புல்லியை, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தை, பிடித்திருப்பது ஒரு 21 எம்எம் நட். புல்லியின் உள்பாதியில் ஒரு வெட்டு இருக்கும். அதில் ஸ்க்ரூடிரைவரை முட்டுக்கொடுத்தால் புல்லி சுற்றாது. நட்டைக் கழற்றினால் புல்லி இரண்டாகப் பிரியும், நடுவில் மெல்லிய வாஷர்கள். சூட்சுமம் அவற்றில்தான். நடுவிலிருந்து ஒன்றை எடுத்து வெளியே நட்டுக்கு அடியில் போட்டால் பெல்ட் இறுகும், உள்ளே சேர்த்தால் தளரும். கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் போல இறங்க வேண்டும். லாரிகள் கடக்கும்போதெல்லாம் வேன் ஆட, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் என் மகள் வாஷர்களை உள்ளங்கையில் வைத்து எண்ணிக்கொண்டு நின்றாள். ஒன்று புல்லுக்குள் விழுந்திருந்தால் அன்றைய கதையே வேறு. இருபத்தைந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம். புது பெல்ட் கொஞ்சம் நீளும் என்பதால், அடுத்த பங்கில் இன்னொரு வாஷரை வெளியே மாற்றினேன்.

ஏன் அறுந்தது? கிளம்பும் முன் சர்வீஸுக்கு விட்ட இடத்தில் பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி இழுத்து வைத்திருந்தார்கள். வண்டியை எடுக்கும்போது விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்க்காதது என் தப்பு.

இரண்டாவது, மலை மேலே. 36 கொண்டை ஊசி வளைவுகள், பாதையின் உச்சி 2504 மீட்டர். பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே ஏறினேன். எஞ்சின் கத்துகிறதே என்று இரக்கப்பட்டு மேல் கியருக்குப் போகிறவர்கள் உண்டு. அது இரக்கமே இல்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் ஃபேனும் மெதுவாகச் சுற்றும், பாரம் மட்டும் அப்படியே இருக்கும். சரி, ஏறிவிட்டோம். போட்டோ எடுக்க நிறுத்தினோம். திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் பம்ப் எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நிறுத்தியதும் ஃபேன் காற்று நின்று, அந்தச் சூட்டில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகிவிட்டது. ஈரத் துணியைப் பம்ப் மேல் போட்டுவிட்டு, பனிமலையைப் பார்த்துக்கொண்டு புளிசோற்று டப்பாவைத் திறந்தோம். சாப்பிட்டு முடிக்கவும் வண்டி கிளம்பவும் சரியாக இருந்தது.

டேப்பட் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, அதாவது வால்வைத் தள்ளும் பாகத்துக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளி. 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில், அதை 0.15 மில்லிமீட்டருக்குச் சரிசெய்கிறேன். கடகடக்கிற டேப்பட்டுக்கு நான் பயப்படுவதில்லை. திடீரென்று சத்தம் அடங்கினால்தான் பயம். இடைவெளி குறைந்து வால்வு முழுக்க மூடாமல் கருகத் தொடங்கியிருக்கலாம். ஆயிலும் அதே 5000-த்தில் மாற்றிவிடுகிறேன். மொத்தமே இரண்டரை லிட்டர், ஃபில்டர்கூடக் கிடையாது, அடியில் ஒரு கம்பிவலை மட்டும். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

டோர்ட்மண்ட், ஜெர்மனி

குரோய்டன் அண்ணை, உங்களுக்குக் காற்று, எனக்குத் தண்ணி. என்னுடையது 1987 ஃபோக்ஸ்வாகன் டி3 வேன், 1.9 லிட்டர் எஞ்சின். எஞ்சின் பின்னால, ரேடியேட்டர் முன்னால, நடுவில வண்டியின் முழு நீளத்துக்கும் குழாய். எனக்கும் ஒரு சிவப்பு விளக்கு இருக்கு. வெப்பமானியில விட்டுவிட்டு மின்னினால் தண்ணி குறைவு என்று அர்த்தம். பிறேமன் போற வழியில மின்னினது. ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்திருந்தது. இறுக்கிப்போட்டு, போத்தல் தண்ணியை விட்டு நிரப்பினன். பத்து நிமிசம் ஓடியிருப்பன், முள் விறுவிறெண்டு மேல ஏறினது. ரேடியேட்டருக்குள்ள காற்று அடைச்சிருக்கு எண்டு எனக்குத் தெரியேல்லை. ஆடேஆட்சே எண்ட ஜெர்மன் வாகன உதவிச் சங்கத்தின்ர மஞ்சள் வாகனத்தில வந்தவர்தான் முன்பக்கத்தை ஜாக்கியில உயர்த்தி, ரேடியேட்டரின் மேல் திருகைத் திறந்து, எஞ்சினை முறுக்கிப் பிடிக்கச் சொன்னார். முதலில புஸ் எண்டு காற்று, பிறகு துப்பல் துப்பலாய் வந்து, கடைசியில ஒழுங்கான தண்ணி. அதுக்குப் பிறகு அந்தத் திருகுக்கான சாவி என்ர சாவிக்கொத்திலயே தொங்குது.

இன்னொண்டு: பச்சைத் தண்ணியோட வருசக்கணக்கா ஓடாதேங்கோ. இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம், அரிச்சுப்போடும். நான் வீட்டுக்கு வந்த கையோட முழுதையும் வடிச்சு, பொஸ்பேற் இல்லாத கூலன்ற் (எஞ்சினைக் குளிரவைக்கிற திரவம்) விட்டன்.

லீட்ஸ்

நான் வழியில் நின்றதில்லை, ஆனால் நடுங்கியிருக்கிறேன். ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் பின்மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாடை. பெட்ரோல் ஹோஸை மடக்கிப் பார்த்தேன், வெடித்த பாதம் மாதிரி கோடு கோடாக விரிந்தது. அதற்கு நேர் கீழே கொதிக்கிற எஞ்சின், பக்கத்தில் தீப்பொறி பறக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலே ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. அந்த எத்தனாலைப் பழைய ரப்பர் தாங்காது. ஹோஸ் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகமாக, ஆர்9 என்று அச்சிட்டதாக மாற்றினேன், பங்கில் எத்தனால் குறைந்த ஈ5 மட்டும்தான் அடிக்கிறேன். குரோய்டன் அண்ணா வண்டிக்கும் என்னுடையதற்கும் நாற்பது வயது தாண்டியதால் எம்ஓடி என்கிற வருடாந்திரத் தகுதிப் பரிசோதனை இங்கே கட்டாயமில்லை. நான் அப்படியும் வருடா வருடம் காட்டுகிறேன். குரோய்டன் அண்ணா, உங்கள் ஹோஸுக்கு எத்தனை வயது?

குரோய்டன், லண்டன்

டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் தம்பி. மேலே எழுத்து எதுவும் இல்லை, நகத்தால் கீறினால் கருப்பு ஒட்டுகிறது. இரண்டு மீட்டர் ஆர்டர் போட்டாச்சு. அது வரும்வரை சாவி சமையலறை ஆணியில்.