உப்பு தினமும் இறங்குகிறது, கோரல் மூடிவிட்டது, அவசரம்

வெள்ளவத்தை மீன்பைத்தியம்:
வணக்கம். கெதியாக யாராவது பதில் போடுங்கள். புது ரீஃப் தொட்டி (உப்புத் தண்ணீரில் பவளம் வளர்ப்பது), நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கிழமையாக உப்பு இறங்கிக்கொண்டே வருகிறது. ஒப்படர்த்தி 1.025 இருந்தது, இன்று 1.021. ஹாமர் கோரல் முழுக்கச் சுருங்கிவிட்டது, ஸோவா கோரல் திறப்பதே இல்லை. தண்ணீர் மாற்றவில்லை. கசிவும் இல்லை. என்ன காரணம்?

தெமட்டகொட நானா:
தொட்டி எத்தனை அடி? சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டல் தொட்டி) இருக்கிறதா? உப்பை எதில் அளக்கிறீர்கள்? குறையும் தண்ணீரை டொப்-அப் செய்வது கையாலா, ஆட்டோவா? இது ஒன்றும் சொல்லாமல் காரணம் கேட்டால் நாங்கள் என்ன சாத்திரமா பார்ப்பது?

கடல்வாசி:
தம்பி, ஊசி வைத்த பிளாஸ்டிக் ஹைட்ரோமீற்றர்தான் வைத்திருப்பீர்கள், பந்தயம். ஊசியில் காற்றுக்குமிழி ஒட்டும், பிழையாகக் காட்டும். இதை இங்கே எத்தனை தடவை எழுதியாயிற்று. பழைய இழைகளை வாசித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை.

வத்தளை வாத்தி:
ஆவியாவதுதான். ஏசி அறையா? ஏசி தண்ணீரை இழுத்துவிடும்.

மட்டக்குளி அக்கா:
வாத்தி, ஆவியாவது நல்ல தண்ணீர் மட்டும்தானே. உப்பு தொட்டியிலேயே நிற்கும். அப்படியென்றால் அளவு ஏற வேண்டும், இறங்கக் கூடாது. கடல்வாசி அண்ணா, குமிழி ஒட்டினால் ஊசி மேலே மிதக்கும், கூட்டித்தான் காட்டும். ஊசியில் உப்புப் படிந்தால்தான் குறைத்துக் காட்டும்.

மீற்றர் சரி என்றால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். உப்புத் தண்ணீர் எங்கோ வெளியே போகிறது, அதன் இடத்தை நல்ல தண்ணீர் நிரப்புகிறது. எங்கே போகிறது என்று பாருங்கள்.

வெள்ளவத்தை மீன்பைத்தியம்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். தொட்டி 6 அடி நீளம், 2 அகலம், 2 உயரம், 12 மி.மீ. கண்ணாடி. நாலாம் மாடி. கீழே 3 அடி சம்ப், சம்ப்பும் சேர்த்துத் தண்ணீர் சுமார் 700 லீற்றர். உப்பு அளப்பது ரிப்றக்டோமீற்றரில்தான், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபார்த்தேன். ஆட்டோ டொப்-அப், ஆர்ஓ (உப்பு நீக்கிய) தண்ணீர் ட்ரம்மிலிருந்து. சில்லர் 26 பாகையில். ஸ்கிம்மர் (கழிவை நுரையாக எடுக்கும் கருவி) ஓடுகிறது. அமோனியா, நைத்திரைற் பூச்சியம். கல் 40 கிலோ, மச்சான் திருகோணமலையிலிருந்து கொண்டுவந்து தந்தான். கசிவு எங்கேயும் இல்லை அக்கா, டோர்ச் அடித்துப் பார்த்தேன்.

கடல்வாசி:
நாலாம் மாடியா? தண்ணீரும் கண்ணாடியுமே 800 கிலோவைத் தாண்டும். கல், ஸ்டாண்ட், சம்ப் எல்லாம் சேர்த்தால் ஒரு தொன்னுக்கு மேல், அதுவும் சதுர மீற்றர் ஒன்று சொச்சத்தில். வீட்டுத் தளத்தைச் சாதாரணமாக சதுர மீற்றருக்கு 150, 200 கிலோ என்றுதான் கணக்குப் பார்த்துக் கட்டுவார்கள். பீமுக்கு மேலே குறுக்காக வைத்தீர்களா, நடு ஹோலில் வைத்தீர்களா? எஞ்சினியரிடம் கேட்டீர்களா?

அது போகட்டும். திருகோணமலைக் கல் என்றால் என்ன கல்?

வெள்ளவத்தை மீன்பைத்தியம்:
சுவர் ஓரமாக, பீமுக்கு மேலேதான் அண்ணன். எஞ்சினியர் வந்து பார்த்தவர். கேள்வி உப்பைப் பற்றி.

தெமட்டகொட நானா:
ஸ்கிம்மர் கப்பில் என்ன வருகிறது? தேத்தண்ணி மாதிரி மெல்லிசாக வந்தால் அதுதான் உங்கள் கசிவு. நான் ஒரு தடவை தினமும் 5 லீற்றர் இப்படி வெளியே ஊற்றிக்கொண்டே, உப்புப் பக்கற்றைத் திட்டிக்கொண்டிருந்தவன்.

வெள்ளவத்தை மீன்பைத்தியம்:
கறுப்பாக, கெட்டியாக வருகிறது நானா. நாளைக்கு அரைக் கோப்பைகூட இல்லை.

தெஹிவளை அலை:
பக்கற் உப்புக்குக் காசைக் கரைக்கிறீர்கள். வாசலில் கடல். நான் 8 வருடமாகக் கடல் தண்ணீர்தான் எடுக்கிறேன், உப்பு ஒரு நாளும் இறங்கவில்லை.

வத்தளை வாத்தி:
வெள்ளவத்தை வாய்க்கால் விழுகிற அந்தக் கடலா? சோழகக் காலத்தில் அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் மணி கரையெல்லாம் ஒதுங்கியது மறந்துவிட்டதா?

தெஹிவளை அலை:
வாய்க்காலடியில் யார் எடுக்கச் சொன்னது? படகில் வெளியே போய் எடுத்து, இருட்டில் ஒரு கிழமை ஓடவிட்டு, கார்பன் போட்டு வடிகட்டுகிறேன். வீட்டுக்கு வந்து பாருங்கள், பிறகு பேசுங்கள்.

கடல்வாசி:
கல்லைப் பற்றிக் கேட்டேன், பதில் வரவில்லை. கடலிலிருந்து தூக்கிய பவளக் கல் என்றால், கல்லுப் பவளம் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. திருகோணமலைப் புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா. மச்சானும் மாட்டுவான், நீங்களும் மாட்டுவீர்கள்.

தெஹிவளை அலை:
கரையில் ஒதுங்கிக் கிடக்கிற செத்த கல்லுக்குமா சட்டம்? ஒரு காலத்தில் தெற்கில் அதைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கித்தான் வீடு கட்டினார்கள்.

கடல்வாசி:
அப்படிச் சுட்டுத்தான் கரை கரைந்து போனது. கரையோர வலயத்தில் பவளம் அகழ்வதைத் தடுத்ததே அதனால்தான். 1998இல் கடல் சூடாகிப் பல இடங்களில் பவளம் வெளுத்துச் செத்தது, 2016இல் மறுபடியும் வெளுத்தது. மிச்சம் கிடப்பதையும் தொட்டிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு ரீஃப் என்கிறோம். காய்ந்த செயற்கைக் கல் கடையில் இருக்கிறது. பக்றீரியா பிடிக்கக் கொஞ்சம் நாள் கூட எடுக்கும், அவ்வளவுதான்.

மட்டக்குளி அக்கா:
சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். (கல் விஷயத்தில் கடல்வாசி அண்ணா சொல்வது சரி.) தம்பி, ஒரு கேள்வி. கரண்ட் போனால் சம்ப் வழிகிறதா?

வெள்ளவத்தை மீன்பைத்தியம்:
இரண்டு கிழமையாகக் கரண்ட் போகவே இல்லை அக்கா. சாப்பாடு போடும்போது மட்டும், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் றிட்டர்ன் பம்பை 10 நிமிடம் நிறுத்துவேன், அப்போது கொஞ்சம் வழியும். அதற்குத்தான் சம்ப்புக்குக் கீழே தட்டு வைத்து, குழாய் போட்டு பல்கனி ஓட்டைக்கு விட்டிருக்கிறேனே. தரையில் ஒரு சொட்டு விழாது.

மட்டக்குளி அக்கா:
கசிவே இல்லை என்றீர்கள்!

தெமட்டகொட நானா:
அல்லாஹ். வடிகால் போட்டுக் கசியவிடுகிறார்.

மட்டக்குளி அக்கா:
சரி, கணக்கைப் பார்ப்போம். உங்கள் தொட்டியின் மேற்பரப்பில் 1 செ.மீ. என்றால் 11 லீற்றர். பம்ப் நின்றதும் றிட்டர்ன் குழாய் வழியே தண்ணீர் திரும்பி இறங்கும், தொட்டிக்குள் இருக்கும் குழாய் நுனி, அதாவது நொசில் வாய், காற்றுக்கு வரும்வரை நிற்காது. நொசில் எத்தனை செ.மீ. ஆழத்தில் இருக்கிறது? தட்டில் நாளைக்கு எவ்வளவு போகிறது?

வெள்ளவத்தை மீன்பைத்தியம்:
நொசில் 6 செ.மீ. இருக்கும். இன்று குழாயின் கீழே வாளி வைத்துப் பார்த்தேன். 8 லீற்றர்.

மட்டக்குளி அக்கா:
அப்போது 66 லீற்றர் சம்ப்புக்குள் இறங்குகிறது, சம்ப்பில் 58க்குத்தான் இடம். மிச்சம் 8 பல்கனிக்கு. பம்பைப் போட்டதும் சம்ப்பில் 8 லீற்றர் குறைவாகத் தெரியும், ஆட்டோ டொப்-அப் அதை ஆர்ஓ தண்ணீரால் நிரப்பிவிடும். நாளைக்கு மறுபடி 8. டொப்-அப் இல்லாவிட்டால் முதல் நாளோடு வழிவது நின்றிருக்கும். 14 நாளில் 112 லீற்றர் உப்புத் தண்ணீர் போய் நல்ல தண்ணீர் வந்திருக்கிறது. 700இல் 16 சதவீதம். 1.025 ஏன் 1.021 ஆனது என்று வேறெங்கும் தேட வேண்டாம்.

கடல்வாசி:
நான் சொல்ல வந்ததும் அதேதான். றிட்டர்ன் குழாயில் ஒரு நொன்-றிட்டர்ன் வால்வு போடுங்கள், முடிந்தது.

தெமட்டகொட நானா:
வால்வை நம்பாதீர்கள். ஒரு நத்தைக் குஞ்சு இடையில் மாட்டினால் போதும், மூடாது. நொசிலை உயர்த்துங்கள். கூடவே, குழாயில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள், காற்று இழுத்து ஓட்டம் நின்றுவிடும். மாதம் ஒரு தடவை பாசி அடைத்திருக்கிறதா என்று குத்திப் பாருங்கள். ஓட்டையை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் குரங்கு ஏறி நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கு நீங்கள் வேலையில் இருந்திருந்தால்?

மட்டக்குளி அக்கா:
1 செ.மீ. உயர்த்தினாலே 8 லீற்றரும் அடங்கிவிடும். 3 செ.மீ. உயர்த்துங்கள், கைவசம் 25 லீற்றர் இடம் மிஞ்சும். உப்பை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள், கோரல் அதற்கும் சுருங்கும். வழிவது நின்றதும், டொப்-அப் ட்ரம்மில் ஆர்ஓவுக்குப் பதில் 35 பிபிடியில் கலந்த உப்புத் தண்ணீர் வையுங்கள். தினமும் 7 லீற்றர் ஆவியாகிறது என்றால் 250 கிராம் அளவில் உப்பு ஏறும். குறைவது நாலு கிலோவுக்குள், ஆகவே இரண்டு கிழமை பிடிக்கும். தினமும் அளந்து பாருங்கள், 1.025 வந்த அன்றே மறக்காமல் ஆர்ஓவுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த இழை “உப்பு ஏறுகிறது, அவசரம்” என்று வரும்.

வத்தளை வாத்தி:
நானும் ஆவியாவது என்றுதானே சொன்னேன்.

வெள்ளவத்தை மீன்பைத்தியம்:
ஐந்து நாளாகிறது. நொசிலை உயர்த்தினேன், தட்டு காய்ந்து கிடக்கிறது. இன்று 1.022. ஸோவா பாதி திறந்திருக்கிறது, ஹாமர் இன்னும் இல்லை. நன்றி அக்கா, நானா.

கடல்வாசி:
கல்?

தெஹிவளை அலை:
இன்னும் அதிலேயே நிற்கிறீர்களா?

கடல்வாசி:
நிற்கிறேன்.