பேரேட்டுத் தாள் மேல தட்டான் றெக்கை வெள்ளையா பூத்துப் போகுது, மையும் கலங்குது, உதவி வேணும்

ஊருணிக்கரை:
வணக்கம், காரைக்குடிலேருந்து எழுதுறேன். பூச்சி, செடி கொடியெல்லாம் அடுக்கடுக்கா மிக்ஸட் மீடியால, அதாவது தாள், பெயிண்ட் எல்லாம் ஒண்ணா சேர்த்து பண்றேன். அடியில பழைய பேரேட்டுத் தாள், முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடையில வாங்கினது, அதைக் கிழிச்சு 300 ஜிஎஸ்எம் தடிப் பேப்பர்ல ஒட்டி, மேல மெல்லிசா ஜெசோ (பெயிண்ட் பிடிக்குறதுக்கு அடியில போடுற வெள்ளைப் பூச்சு), அதுக்கு மேல வாட்டர்கலர்ல ஊருணியும் கோரையும், கடைசியா டிஷ்யூ பேப்பர்ல தட்டான் றெக்கை. ஒட்டுறது எல்லாமே மரவேலைக்குப் போடுற வெள்ளைப் பசைல தண்ணி கலந்துதான். காயுறப்ப கண்ணாடி மாதிரி இருக்கு, ஆனா மேல ஒரு கோட் போட்டதும் றெக்கை வெள்ளையா பூத்துடுது. பேரேட்டு மை ஊதாவா கலங்கி ஜெசோ வரைக்கும் ஏறுது, பேப்பர் ஓரமெல்லாம் சுருண்டுக்குது. இன்னொண்ணு, பொன்வண்டுக்கு கோல்டும் பச்சையும் கலந்து அடிச்சா அந்த மினுமினுப்பு வரவே மாட்டேங்குது. மழைக்கு அப்புறம் ஊருணி மேல தட்டான் கூட்டமா சுத்துமே, அதைத்தான் பெருசா பண்ணணும்னு ஆசை, அதுக்கு முன்னாடி இதெல்லாம் சரியாகணும்.

வளவு வெயில்:
தம்பி, கானாடுகாத்தான்லேருந்து ஆச்சி. ஸ்கூல்ல டிராயிங் டீச்சரா இருந்தேன். றெக்கை பூக்குறதுக்கு பசைதான் காரணம். மரவேலைப் பசை காஞ்சாலும் தண்ணி பட்டா திரும்ப ஊறி வெள்ளையாகும், நீங்க மேல போடுற ஒவ்வொரு கோட்டும் அதை ஊற வைக்குது. அக்ரிலிக் மேட் மீடியம் வாங்குங்க, நிறமில்லாத அக்ரிலிக் பெயிண்ட் மாதிரி, பசையாவும் ஆகும், அது நல்லா காஞ்சிட்டா தண்ணிக்கு அசையாது. டிஷ்யூக்குக் கீழ மீடியம் ஒரு கை, வச்சு அமுக்கி மேல ஒரு கை. வெள்ளை டிஷ்யூ மீடியத்துல ஊறினதும் தானே பாதி மறைஞ்சு கீழ இருக்குற கோரை தெரிய ஆரம்பிக்கும், தட்டானுக்கு அதுதானே வேணும். நரம்புக் கோடெல்லாம் காஞ்சப்புறம் வாட்டர்ப்ரூஃப் பேனால போடுங்க, முன்னாடி வேணாம். நுனிக்கிட்ட ஓரத்துல ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு இருக்கும், அதை விட்டுட்டா என்னதான் வரைஞ்சாலும் தட்டானா தெரியாது.
வாட்டர்கலரும் மீடியம் பட்டா கிளம்பும். அந்த அடுக்கை மட்டும் தண்ணியா கரைச்ச அக்ரிலிக்ல பண்ணுங்க. நம்ம வீட்டுச் சுவர்ல சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் அடுக்கடுக்கா பூசுவாங்களே, அது மாதிரி இதுவும் அடுக்கு வேலைதான், ஆனா இங்க ஒரு அடுக்கு காயாம அடுத்தது போடாதீங்க. வளவுல நிழல்ல வச்சு காய விடுங்க, நேர் வெயில் வேணாம், தடியா போட்ட இடம் மேல மட்டும் காஞ்சு உள்ள ஈரமாவே நிக்கும்.

பழைய கணக்கு:
மை விஷயத்துக்கு நான். பேரேட்டுத் தாளைக் கிழிக்காதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். பர்மா, மலாயா வரவு செலவெல்லாம் அதுலதான் கிடக்கு, போனா போனதுதான். ஸ்கேன் பண்ணி லேசர் பிரிண்ட் எடுங்க. அதுல மைக்குப் பதிலா வர்ற டோனர் தூள் பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருள், ஈரத்துல கலங்காது, ஆனா இங்க்ஜெட் பிரிண்ட் பெரும்பாலும் கலங்கும், கடையில ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு எடுங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி பிரிண்டை லேசா ஈரப்படுத்திக்கிட்டா தாள் விரிஞ்சு சுருக்கம் குறையும். நடுவுலேருந்து ஓரத்துக்கு பழைய ஏடிஎம் கார்டால தள்ளிட்டே வாங்க, காத்து வெளிய போயிடும்.
பேப்பர் சுருளுதுன்னா எம்டிஎஃப் பலகைக்கு (மரநாரை அழுத்திச் செய்யுறது) மாறிடுங்க. பலகையோட ரெண்டு பக்கமும் மீடியம் அடிச்சு அடைச்சப்புறம் ஜெசோ. ஒரு பக்கம் மட்டும் அடிச்சா பலகையும் வளையும்.

ஊருணிக்கரை:
ஆச்சி, ரொம்ப நல்லா புரிஞ்சது. அண்ணே, தாளைக் கிழிக்கல இனிமே, கையில இருக்குறதெல்லாம் ஸ்கேன் பண்ணிடுறேன். பொன்வண்டு பத்தி யாராவது சொல்லுங்களேன்.

கருவேலங்காடு:
தீப்பெட்டிக்குள்ள கருவேல இலை போட்டு வளர்த்த ஆளு நான், சொல்றேன். அந்தப் பச்சை சாயம் கிடையாது. ஓட்டுல மெல்லிய அடுக்குகள் இருக்கு, வெளிச்சம் அதுல பட்டு திரும்பி வர்றப்ப உண்டாகுற நிறம், அதனாலதான் சாய்ச்சு பார்த்தா மாறுது. கோல்டையும் பச்சையையும் கலந்தா பளபளப்பு வரும், ஆனா நிறம் மாறாது. முதல்ல வண்டோட உடம்பை முழுக்க கறுப்பால நிரப்புங்க. காஞ்சதும், இன்டர்ஃபெரன்ஸ் பச்சைன்னு வெளிச்சம் பட்டா மட்டும் பச்சையா மினுங்குற அக்ரிலிக் பெயிண்ட் கிடைக்குது, அதை ரொம்ப மெல்லிசா ரெண்டு மூணு கோட். வெள்ளை மேல போட்டா அவ்வளவா தெரியாது, கறுப்பு மேல போட்டாதான் எழும்பும். அது கிடைக்கலன்னா நிறம் மாறுற மைக்கா பவுடரை மீடியத்துல கலந்துக்கலாம், மாஸ்க் கட்டிக்கிட்டு கலக்குங்க, தூசி நெஞ்சுக்கு ஆகாது.
நம்ம பக்கம் முழுப் பச்சையா ஒண்ணும், கழுத்துப் பக்கம் மட்டும் பச்சையா முதுகு செங்காவியா ஒண்ணும் பாத்திருக்கேன். செங்காவிக்கு இன்டர்ஃபெரன்ஸ் வேணாம், சாதா பிரவுன் மேல பளபளப்பு மீடியம் ஒரு கோட் போதும். ஆறு காலும் நெஞ்சுலேருந்துதான் வரணும், வயித்துலேருந்து வரைஞ்சுடாதீங்க.

வளவு வெயில்:
கடைசி வார்னிஷை ஐப்பசி மழை ஈரத்துல அடிக்காதீங்க தம்பி, அதுவும் பூத்துப் போகும். வெயில் அடிக்கிற காஞ்ச நாளா பார்த்து, ஒவ்வொரு அடுக்கும் முழுசா காஞ்சப்புறம் அடிங்க. முதல்ல ஓரத்துல ஒரு சின்ன துண்டுல அடிச்சுப் பார்த்துக்கோங்க.