பனிக்குட நீர்: லேமெல்லர் எண்ணிக்கை இரண்டு விதமாக வருகிறது, அவசரம்

தேவகோட்டை_லேப்
பிள்ளையின் நுரையீரல் முதிர முதிரப் பனிக்குட நீரில் கூடும் லேமெல்லர் துகளை எண்ணினேன். ஒரே சாம்பிள். முதலில் 14, அப்புறம் 31. எதை எழுதிக் கொடுப்பது? டாக்டர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். வெளியே ஆச்சி, "பிள்ளைக்கு நுரையீரல் முத்திருச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

காரைக்குடி_செவிலி
14 என்றால் 14 ஆயிரமா? எத்தனை வாரம்? ஊசியில் எடுத்ததா, வடிந்ததைப் பிடித்ததா? அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?

சிவப்பணு
ரத்தம் கலந்திருக்கும். லேமெல்லர் துகளும் தட்டணுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதனால்தான் தட்டணு எண்ணும் வழியிலேயே இதை எண்ணுகிறோம். ரத்தம் கலந்தால் தட்டணுவும் சேர்ந்துவிடும்.

தேவகோட்டை_லேப்
ரத்தம் இல்லை. ஆயிரக் கணக்குதான். ஊசியில் எடுத்தது. 36 வாரம் இருக்கலாம், முதல் ஸ்கேனே தாமதமாகத்தான் எடுத்தார்கள். சர்க்கரை உண்டு.

மூத்த_டெக்னீஷியன்
செய்முறைத் தாளைப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது தம்பி. சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் சுழற்றினீர்களா?

தேவகோட்டை_லேப்
ஆமாம், சிறுநீருக்குச் செய்வதுபோல 5 நிமிடம். இரண்டாவது தடவை அதையே கொஞ்சம் கலக்கி வைத்தேன்.

மூத்த_டெக்னீஷியன்
அப்படிச் சொல்லுங்கள். துகள் அடியில் போய்விட்டது. 50,000க்கு மேல் இருந்தால் முதிர்ச்சி என்பது சுழற்றாத நீருக்கு. இரண்டையும் எழுதாதீர்கள்.

பழைய_கை
எண்ணெல்லாம் எதற்கு? எத்தனால் ஊற்றி 15 விநாடி குலுக்கி, 15 நிமிடம் விடுங்கள். நுரை வளையம் நின்றால் முதிர்ந்தது. நாங்கள் அப்படித்தான் பார்த்தோம்.

காரைக்குடி_செவிலி
இந்தச் சோதனையே இப்போது தேவையா? நுரையீரல் முதிர்ந்தது என்று தெரிந்தாலும், காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன் பிள்ளையை எடுக்கக் கூடாது என்கிறார்கள். சீக்கிரம் பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் காமாலை, பால் குடிக்கத் தெம்பில்லாமை எல்லாம் வரும்.

சிவப்பணு
தேதியே சரியாகத் தெரியாத தாய்க்கு வேறு என்ன வழி அக்கா?

காரைக்குடி_செவிலி
தேதி தெரியாவிட்டாலும் இதை வைத்துப் பிரசவத்துக்கு நாள் குறிக்காதே என்றுதான் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் சொல்கிறது. சர்க்கரை உள்ள தாயின் பிள்ளைக்கு நுரையீரல் தாமதமாக முதிரும். அதையாவது டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள்.

பழைய_கை
நுரைச் சோதனை பார்த்தீர்களா?

தேவகோட்டை_லேப்
சுழற்றாத மீதி நீர் பிரிட்ஜில் இருந்தது. மெதுவாக 20 தடவை கவிழ்த்துக் கலந்து ஓட்டினேன், 57. பழைய இரண்டையும் அடித்துவிட்டேன். சர்க்கரை விஷயத்தைச் சொன்னேன், டாக்டர் பிள்ளையை இன்று எடுக்கவில்லை என்றார். நன்றி அண்ணே, நன்றி அக்கா.