ஒரே இசைக்குழுவைக் கட்டிக்கொண்டு எட்டு மாதம் ஓட்டிவிட்டேன், அடுத்து என்ன கேட்பது?

பாத் ரயில்காரன்:

வணக்கம். அமெரிக்காவில் ஜெர்சி சிட்டிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஊரில் இருந்தவரை ராஜா, ரஹ்மான், அப்புறம் ஹாஸ்டலில் அறைத்தோழன் அலறவிட்ட மெட்டாலிகா, அவ்வளவுதான் என் இசை ஞானம். போன வருடம் ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், வீட்டுக்காரம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஒரு டிக்கெட் சும்மா கிடக்கிறது, வருகிறாயா என்றார். யோ லா டெங்கோ என்று பெயர் சொன்னார். ஏதோ டேங்கோ நடனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

போனால் அது ஒரு ராக் குழு, மேடையில் மூன்றே பேர். கிட்டார் ஐரா கப்லன், டிரம்ஸ் அவருடைய மனைவி ஜார்ஜியா ஹப்லி, பேஸ் ஜேம்ஸ் மெக்நியூ. பார்த்தால் நம் ஊர் பேங்கில் அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். முதல் பாதியில் பக்கத்தில் யாராவது பீர் கேனைத் திறந்தால் பாட்டு காதில் விழாது, அவ்வளவு மெதுவாகப் பாடினார்கள். இரண்டாம் பாதியில் ஐரா கிட்டாரைக் கழற்றி ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார், பத்து நிமிடத்துக்கு ஒரே இரைச்சல், அந்த இரைச்சலுக்குள் ஒரு மெட்டு தலையைக் காட்டுவதும் ஒளிவதுமாக இருந்தது. ஜார்ஜியா மட்டும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், பாயசம் அடிப்பிடிக்காமல் கிண்டுகிற மாதிரி, அதே தாளத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் காது கொய்ங் என்றது. தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து எட்டு மாதம் இவர்களைத் தவிர எதையும் கேட்கவில்லை. 1997-ல் வந்த ‘ஐ கேன் ஹியர் த ஹார்ட் பீட்டிங் ஆஸ் ஒன்’ முதல் 2023-ல் வந்த ‘திஸ் ஸ்டுபிட் வேர்ல்ட்’ வரை கரைத்துக் குடித்தாயிற்று. சரி, வேறு ஏதாவது கேட்போம் என்று பாட்டு ஆப்பைத் திறந்தால் இதே சத்தத்தில் இதே வேகத்தில் வாசிக்கிற பத்துக் குழுக்களையே மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. மசால் தோசை பிடிக்கும் என்று ஒரு நாள் சொன்ன பாவத்துக்கு மூன்று வேளையும் மசால் தோசையே வைக்கிற மெஸ் மாதிரி. நீங்கள் எல்லாம் புது இசையை எப்படிப் பிடிக்கிறீர்கள்? லிஸ்ட் வேண்டாம். லிஸ்ட் என்னிடமே பதினைந்து இருக்கிறது, ஒன்றையும் கேட்டதில்லை.


டிடிகே 90:

தம்பி, ஆப்பை மூடு. உனக்கு வழிகாட்ட அந்த மூன்று பேரே போதும். அவர்கள் முதலில் பைத்தியக்கார ரசிகர்கள், அப்புறம்தான் இசைக்கலைஞர்கள். 1984-ல் உன் பக்கத்து ஊர் ஹோபோகனில் குழுவைத் தொடங்குவதற்கு முன்னால் ஐரா இசைப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த ஆள். அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடுவதில் இவர்களுக்கு இணை கிடையாது.

1990-ல் வந்த ‘ஃபேக்புக்’ ஆல்பம் கேட்டாயா? அதில் பெரும்பாலும் மற்றவர்கள் பாட்டுதான். கேட் ஸ்டீவன்ஸ் எழுதி 1967-ல் ட்ரெமலோஸ் குழு பாடிப் பிரபலமானது ஒன்று, கிங்க்ஸ் குழுவின் பாட்டு ஒன்று, வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் இருந்த ஜான் கேல் பாட்டு ஒன்று. இந்த மூன்று பேரைத் தேடிப் போனாலே உனக்கு ஒரு வருடம் ஓடிவிடும். நாலாவதாக டேனியல் ஜான்ஸ்டன். இவர் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் மெக்டொனால்ட்ஸில் வேலை பார்த்துக்கொண்டு, சாதாரண டேப் ரெக்கார்டரில் தானே பாடிப் பதிவு செய்த கேசட்டுகளைப் போகிற வருகிறவர்கள் கையில் திணித்தவர். குரல் பிசிறும், ஹார்மோனியம் மாதிரி ஒன்று மூச்சு வாங்கும், ஆனால் பாட்டு நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். 1990 பிப்ரவரியில் ஒரு ரேடியோ நிலையத்தில் யோ லா டெங்கோ உட்கார்ந்து வாசிக்க, அவர் எங்கோ இருந்து தொலைபேசியில் பாடினார். பதிவு இருக்கிறது, தேடிக் கேள். டெலிபோன் குரல் பாட்டின் முதுகில் ஏறிக்கொண்டு தடுமாறித் தடுமாறிப் போகும், இவர்கள் அவருக்காகக் காத்திருந்து காத்திருந்து வாசிப்பார்கள்.

அந்த நிலையம் எது தெரியுமா? டபிள்யூ.எஃப்.எம்.யூ. 91.1. இப்போது எங்கே இருக்கிறது? ஜெர்சி சிட்டியில், எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். மூன்று வருடமாக அதன் வாசலைக் கடந்து போயிருப்பாய். மதுரையில் உட்கார்ந்து இன்டர்நெட்டில் கேட்கிற நான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1958-ல் ஒரு கல்லூரி வானொலியாக ஆரம்பித்தது, கல்லூரி 1995-ல் மூடிவிட்டது, ரேடியோ மட்டும் பிழைத்துக்கொண்டது. விளம்பரம் கிடையாது, நேயர்கள் கொடுக்கிற பணத்தில் ஓடுகிறது, என்ன போட வேண்டும் என்பது அந்தந்த டிஜேயின் இஷ்டம். வருடா வருடம் நிதி திரட்டும்போது யோ லா டெங்கோ ஸ்டூடியோவுக்கு வந்து, பணம் கொடுத்தவர் கேட்கிற பாட்டை ஒத்திகை பார்க்காமல் அங்கேயே வாசிப்பார்கள். பாதிப் பாட்டுக்கு வரி தெரியாது, சுருதி எங்கோ போகும். அதைத் தொகுத்து 2006-ல் வெளியிட்ட ஆல்பத்துக்கு அவர்களே வைத்த பெயர், இவர்கள் பழைய பாட்டுகளைக் கொலை செய்கிறார்கள் என்று அர்த்தம் வரும்.

எங்கள் காலத்தில் தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. பாட்டு லிஸ்ட் எழுதி 90 நிமிட கேசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார். கடைசியில் நாலு நிமிடம் மிச்சம் இருந்தால் நம்மைக் கேட்காமல் தனக்குப் பிடித்த ஒன்றைப் போட்டுவிடுவார். லிஸ்டில் இல்லாத பாட்டு எப்படி வந்தது என்று முதல் தடவை சண்டைக்கே போனேன். பிறகு வேண்டுமென்றே நாலு நிமிடம் குறைவாக எழுதிக் கொடுக்க ஆரம்பித்தேன். பாப் மார்லி என் வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.


சில்லறைக்காசு:

டிடிகே அண்ணா கதை அருமை, ஆனால் ஆப்பை அடியோடு திட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரெக்கார்டிங் சென்டர் எல்லாம் ஆண் பிள்ளைகள் நின்று அரட்டை அடித்த இடம். நான் காலேஜ் படிக்கும்போது இங்கே சென்னையில் ஒரு ரெக்கார்டு கடைக்குப் போய் ஒரு ஆல்பத்தைக் கேட்டதற்கு, கல்லாவில் இருந்தவர் அந்தக் குழுவில் இருப்பவர்கள் பெயரை எல்லாம் சொல்லு பார்க்கலாம் என்று பரீட்சை வைத்தார். அதற்கு ஆப் எவ்வளவோ மேல், அது யாரையும் ஏற இறங்கப் பார்க்காது.

ப்ரோ, நான் செய்வது இது. இசைக்கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாக விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த, ஆனால் பெரிதாக யாருக்கும் தெரியாத ஆல்பம் ஒன்றை எடுங்கள். பிரபலமானதை எடுத்தால் வேலைக்கு ஆகாது. அதை வாங்கியவர்களின் படங்கள் பக்கத்திலேயே சின்னச் சின்னக் கட்டமாக இருக்கும். அதில் ஒருவரைத் தட்டினால் அவர் காசு கொடுத்து வாங்கிய மொத்தமும் தெரியும். காசு கொடுத்து வாங்கியது என்பதுதான் விஷயம், சும்மா லைக் போட்டது இல்லை. நார்வேக்காரரா பிரேசில்காரரா என்று தெரியாத ஒருவரை நான் இப்படி நாலு வருடமாகப் பின்தொடர்கிறேன். பாதி என்னால் சகிக்க முடியாத எலக்ட்ரானிக் கிறீச்சொலி. மீதிப் பாதியில்தான் போன வருடம் நான் அதிகம் கேட்ட மூன்று ஆல்பங்களும் கிடைத்தன. ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்னொன்று, பிடித்தால் வாங்குங்கள். ஸ்பாட்டிஃபையில் 2024-லிருந்து ஒரு பாட்டு வருடத்துக்கு 1,000 தடவைகூடக் கேட்கப்படவில்லை என்றால் அதற்குக் காசே கிடையாது. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்று அறிவிக்கிற நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கும். நான் மாதம் ஒரு படம் தியேட்டரில் பார்ப்பதை நிறுத்தி அந்தக் காசை இங்கே போடுகிறேன். பாப்கார்ன் விலைக்கே இரண்டு ஆல்பம் வரும்.


தெற்குக் காற்று:

நான் யாழ்ப்பாணத்து ஆள், கனகாலமாக நியூசிலாந்தில் இருக்கிறேன். தம்பி, இந்தக் குழுவைப் பிடித்திருக்கிறது என்றால் நீங்கள் எங்கள் பக்கம் ஒருக்கால் வரத்தான் வேணும்.

இங்கே தென்தீவில் டனீடன் என்று ஒரு பல்கலைக்கழக நகரம். குளிர், மழை, ஈரமான பழைய வீடுகள். 80-களில் வெளிநாட்டு இசைத்தட்டு ஒன்று இங்கே வந்து சேர மாதக்கணக்காகும், விலையும் கூட. பெடியள் பார்த்துக்கொண்டு இருக்காமல் தாங்களே வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். கில்கோர் சகோதரர்கள் ஹேமிஷும் டேவிட்டும், அவர்களோடு ராபர்ட் ஸ்காட், இந்த மூவரும் தான் ‘த கிளீன்’. 1981-ல் முதல் பாட்டை வெறும் 50 டொலர் செலவில் பதிவு செய்தார்கள், அது நாட்டின் முதல் இருபது பாட்டுக்குள் வந்துவிட்டது. அடுத்த வெளியீட்டை கிறிஸ் நாக்ஸ் என்பவரின் நாலு டிராக் டேப் இயந்திரத்தில் பதிந்தார்கள். கிரைஸ்ட்சர்ச்சில் இசைத்தட்டுக் கடை பார்த்துக்கொண்டிருந்த ரோஜர் ஷெப்பர்ட் தொடங்கிய ‘ஃப்ளையிங் நன்’ லேபிள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்தான் இதையெல்லாம் வெளியே கொண்டுவந்தது. யோ லா டெங்கோ, பேவ்மென்ட் இரண்டு குழுவுமே இவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள்.

ஆகவே என் வழி லேபிள். ஒரு குழு பிடித்தால் அது எந்த லேபிள் என்று பாருங்கள், அந்த லேபிளின் பழைய வெளியீடுகளை ஒழுங்காக ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பத்தில் ஏழு சரிவராது, பரவாயில்லை. ஹேமிஷ் 2022-ல் காலமாகிவிட்டார், த சில்ஸ் குழுவின் மார்ட்டின் ஃபிலிப்ஸும் 2024-ல் போய்விட்டார். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தச் செய்தி வந்த இரவு பழைய இசைத்தட்டை எடுத்துப் போட்டுவிட்டு ஒன்றும் கதைக்காமல் விறாந்தையில் இருந்தார். நாங்கள் தேத்தண்ணி மட்டும் வைத்துக் கொடுத்தோம்.


மிட் ஆஃப்:

எல்லாம் சரி, யோ லா டெங்கோ என்றால் என்னங்க அர்த்தம்? இதுவரை யாருமே சொல்லவில்லை.


டிடிகே 90:

ஸ்பானிஷ், ‘என்னிடம் இருக்கிறது, நான் பிடிக்கிறேன்’. பேஸ்பால் கதை. 1962-ல் நியூயார்க் மெட்ஸ் அணி, தோற்பதற்கென்றே பிறந்த அணி. சென்டர் ஃபீல்டில் ரிச்சி ஆஷ்பர்ன். பந்தைப் பிடிக்க ஓடும்போது அவர் ‘ஐ காட் இட்’ என்று கத்தினால் வெனிசுவேலாக்காரர் எலியோ சாக்கோனுக்குப் புரியாமல் ஓடிவந்து மோதிக்கொண்டே இருந்தார். சரி என்று ஆஷ்பர்ன் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு ‘யோ லா டெங்கோ’ என்று கத்த, சாக்கோன் சமத்தாக ஒதுங்கிவிட்டார். ஆனால் ஸ்பானிஷ் தெரியாத இன்னொருவர், ஃபிராங்க் தாமஸ், நேராக வந்து முட்டினார். எழுந்து, அதென்னய்யா யெல்லோ டேங்கோ என்று கேட்டாராம்.


மிட் ஆஃப்:

எங்கள் தெருவில் ‘விடு விடு, என் பால்’ என்று கத்துவோம், அப்போதும் முட்டிக்கொள்வோம். அங்கே எல்லோருக்கும் தமிழ் தெரியும்.


பாத் ரயில்காரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டிடிகே அண்ணா சொன்னது உண்மை, அந்தக் கட்டடத்தைத் தினமும் கடந்துதான் போயிருக்கிறேன். ஏதோ வக்கீல் ஆபீஸ் என்று நினைத்தேன்.

இப்போது சமையல் செய்யும்போதெல்லாம் அந்த ரேடியோதான். முதல் நாள் ஒரு பல்கேரியக் கோஷ்டிப் பாட்டு, அப்புறம் ஒரு பழைய கவுபாய் பாட்டு, அப்புறம் ஃப்ரிட்ஜ் ரிப்பேரானால் வருகிற சத்தம் இருபது நிமிடம். அதை அணைக்கப் போனேன், கையில் மாவு, அணைக்க முடியவில்லை. பதினைந்தாவது நிமிடத்துக்கு மேல் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்ததை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். என்ன ஓடுகிறது என்பதைத் தளத்தில் உடனுக்குடன் போட்டுவிடுகிறார்கள், அது ரொம்ப வசதி.

பக்கத்து இருக்கைக்காரரிடமும் கேட்டேன். மனிதர் 2001-லிருந்து, யூதர்களின் எட்டு நாள் ஹனுக்கா பண்டிகைக்கு யோ லா டெங்கோ நடத்துகிற கச்சேரிகளுக்குப் போயிருக்கிறார். ஹோபோகனில் மேக்ஸ்வெல்ஸ் என்று ஒரு பார், பின்னறையில் சுமார் 200 பேர்தான் நிற்கலாம், எட்டு இரவும் எட்டுக் கச்சேரி, முதலில் வாசிக்கப் போகிற குழு யார் என்று முன்கூட்டிச் சொல்லவே மாட்டார்கள். 2013-ல் அந்த இடத்தை மூடிவிட்டார்கள், 2017-லிருந்து நியூயார்க் பௌரி பால்ரூமுக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்தக் கச்சேரிகளில்தான் சன் ரா ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கும் மார்ஷல் ஆலனை முதலில் கேட்டேன் என்றார். ஜாஸ் என்றால் எனக்கு ஓட்டல் லிஃப்டில் வருவதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போய்க் கேட்டால் சாக்ஸஃபோன் யாரோ துரத்துகிற கோழி மாதிரி கத்துகிறது, பின்னால் எல்லோரும் கோயில் உற்சவம் மாதிரி வாசிக்கிறார்கள். அந்த ஆலனுக்கு 2024-ல் நூறு வயது முடிந்தது. தன் பெயரில் முதல் தனி ஆல்பத்தை 2025-ல் போட்டிருக்கிறார். நான் இங்கே 34 வயதில் முதுகு வலி என்று லீவு போடுகிறேன்.

சில்லறைக்காசு சொன்ன வழியில் ஒரு முகம் தெரியாத ஆளையும் பிடித்திருக்கிறேன், த கிளீன் பாதி வரை வந்திருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அடுத்த நிதி திரட்டலில் யோ லா டெங்கோ வந்தால் காசு கட்டி ஒரு ராஜா பாட்டு கேட்கலாம் என்று இருக்கிறேன். ஒத்திகை இல்லாமல் வாசிக்கிற மாதிரி மூன்று கிட்டார் கார்டில் (chord) முடிகிற பாட்டு ஏதாவது சொல்லுங்கள்.


டிடிகே 90:

ராஜாவில் மூன்று கார்டா? மெல்லிசை மன்னர் பக்கம் போ. அதுவும் எதற்கும் இரண்டு பாட்டாக எழுதிக் கொடு.


சில்லறைக்காசு:

வேண்டாம் ப்ரோ, ராஜாவையே கேளுங்கள். அவர்கள் பல்லவியில் தடுக்கி விழுவதைக் கேட்கத்தானே காசு கட்டுகிறோம்.