மறு: பழிதீர்க்கும் வரலாற்றுப் படங்களுக்குக் கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

வரலாற்றை மாற்றி, கொடியவரைப் பாதிக்கப்பட்டோர் பழிதீர்ப்பதாகக் காட்டும் படங்களுக்கு நம் அகராதியில் என்ன சொல் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். தேவகோட்டை ஐயா சொன்ன 'வரலாற்றுத் திரிபுப் படம்' வேண்டாம் என்பது என் கருத்து. திரிபு என்றால் பார்ப்பவரை ஏமாற்றுவது. அமெரிக்க இயக்குநர் டரண்டினோவின் 'இன்குளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்' (2009) யாரையும் ஏமாற்றவில்லை. ஹிட்லர் 1945 ஏப்ரல் 30 அன்று பெர்லின் பதுங்கறையில் தற்கொலை செய்துகொண்டது ஊரறிந்த சேதி. படத்திலோ 1944லேயே பாரிஸ் தியேட்டர் ஒன்றில் யூதப் படைவீரர்கள் அவனைச் சல்லடையாகச் சுட்டுத் தள்ளுகிறார்கள். உண்மை தெரிந்திருப்பதால்தான் அந்தக் காட்சி நம்மை உலுக்குகிறது. தெரியாதவருக்கு அது இன்னொரு சண்டைக்காட்சி, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அங்கே தூக்கில் தொங்கியது ஆங்கிலேயத் தளபதி கர்னல் அக்னியூ என்று ஒருவர் படம் எடுத்தால், திருப்பத்தூர்க்காரர் யாரும் அதை வரலாறு என்று நம்பிவிட மாட்டார். ஆனால் காரைக்குடி தியேட்டரில் விசில் பறக்கும். அந்த விசிலுக்குத்தான் சொல் தேடுகிறோம். வேலு நாச்சியார் கதை இதில் சேராது. கணவர் முத்துவடுகநாதர் 1772இல் காளையார்கோவிலில் கொல்லப்பட்டார். 1780இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். நடந்தே விட்டது, கற்பனைக்கு அங்கே வேலையில்லை.

கண்டனூர் ஆச்சியின் 'பழிக்கற்பனை' சுருக்கமான சொல்தான். ஆனால் பழி என்றதும் வீண்பழிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 'மாற்று வரலாறு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஜெர்மனி போரில் வென்றிருந்தால் என்ற கதையும் அதில் அடங்கிவிடும். அடிபட்டவரின் ஆங்காரத்துக்கு அந்தச் சொல்லில் இடமில்லை.

நான் 'வஞ்சினப் புனைவு' என்று வைக்கலாம் என்கிறேன். வஞ்சினம் என்றால் பகைவரை வீழ்த்துவேன் என்று எடுக்கும் சபதம்.

டரண்டினோ படத்தின் உச்சக்காட்சியை நினைத்துப் பாருங்கள். நாஜிகளிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த யூதப் பெண் ஷோஷானாவின் தியேட்டரில் நாஜித் தலைவர்கள் கூடியிருக்கிறார்கள். முன்பே படம்பிடித்து வைத்த அவள் முகம் திடீரென்று திரையில் வந்து, நீங்கள் எல்லோரும் சாகப்போகிறீர்கள் என்கிறது. அதற்குள் அவள் புரொஜெக்டர் அறையில் சுடப்பட்டுக் கிடக்கிறாள். திரைக்குப் பின்னால் குவித்திருந்த, எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் பிலிம் பற்றிக்கொள்கிறது. திரை எரிந்துபோன பிறகும் புகைமேல் விழுந்து அந்த முகம் சிரிக்கிறது. இதை வஞ்சினம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? சிலப்பதிகாரத்தில் கண்ணகி சபதமிட்டு மதுரையில் தீ மூட்டும் காதைக்கும் 'வஞ்சின மாலை' என்றுதானே பெயர்.

வஞ்சினம் சபதம்தானே, செயல் ஆகாதே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. புறநானூறு 72இல் தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன், பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாது போகட்டும் என்கிறான். அவன் வென்றான், சொன்னது நிறைவேறியது. ஷோஷானாவைப் போன்றவர்களின் வஞ்சினத்தை வரலாறு நிறைவேற்றவில்லை, அந்தக் கடனைப் புனைவு தீர்க்கிறது. அதனால் வஞ்சினம், புனைவு என்ற இரண்டு சொற்களுமே வேண்டும்.

சொல்லுக்குள் 'வன்முறை' வர வேண்டும் என்றும் ஒரு யோசனை வந்தது. மண்டைத்தோலை உரிப்பதும் நெற்றியில் ஸ்வஸ்திகா கீறுவதும் படத்தில் இருக்கின்றன, மறுக்கவில்லை. திரையில் ஆட்கள் சுடப்படுவதைப் பார்த்து ஹிட்லர் சிரிக்கிறான். கொஞ்ச நேரத்தில் அவன் சாவதைப் பார்த்து நாம் கைதட்டுகிறோம். அந்த நெருடலை விமர்சனத்தில் விரிவாக எழுதலாம். கலைச்சொல் அவ்வளவையும் சுமக்க முடியாது.

அகராதிக்கு என் வரைவு: 'வஞ்சினப் புனைவு – வரலாற்றில் தண்டனை பெறாத அல்லது முழுதாகப் பெறாத கொடியவரை, பாதிக்கப்பட்டோர் கையாலேயே வீழ்த்திக் காட்டும் கதை, உண்மையில் நடந்தது பார்ப்பவருக்குத் தெரியும் என்ற எதிர்பார்ப்போடு எடுக்கப்படுவது.'

டரண்டினோவே 2019இல் எடுத்த 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் ஹாலிவுட்' படத்தில், 1969இல் கொல்லப்பட்ட நடிகை ஷேரன் டேட் உயிர் பிழைக்கிறார். கொலைகாரர்களை அடித்து வீழ்த்துவது பக்கத்து வீட்டுக்காரர்கள், அதுவும் தற்செயலாக. சபதம் எடுத்தவர் யாரும் இல்லை. அதனால் அதை மாற்று வரலாற்றில் வைப்பேன். தேவகோட்டை ஐயா இதற்கு உடன்படுவாரா என்று தெரிந்தால் வரையறையின் கடைசி வரியை முடித்துவிடலாம்.